அத்தான் போடாத ஜே

14 ஆகஸ்ட் 1965, சனி

குழாயில் இன்று தண்ணீர் நூலாக வந்தது. இரண்டு குடம் நிறைவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் செம்பூர் போய்ச் சேர்ந்து சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தேன். நாள் முழுக்க மாத்திரை எண்ணிப் புட்டியில் போட்டதில், வீட்டில் சோற்றைக் கண்டாலும் எண்ணத் தோன்றுகிறது.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேப்பரை விரித்தார். காஷ்மீருக்குள் ஆயுதத்தோடு ஆட்கள் புகுந்திருக்கிறார்களாம். ஊர்க்காரர்கள் மாதிரியே உடுத்திக்கொண்டு, பாலத்தை வெடி வைத்துத் தகர்க்க வந்தவர்களாம். "இங்கயும் வருவான், பாத்துக்கோ. நம்மள மாதிரியே வேட்டி கட்டிக்கிட்டு வருவான்" என்றார். தாராவிக்கு வந்து எந்தப் பாலத்தைத் தகர்ப்பான் என்று கேட்டேன். முறைத்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து கோமதியம்மாள் அத்தையின் கடிதம். அத்தான் நெல்லையப்பன் அடுத்த மாதம் வருகிறானாம். வேலையும் தேடிக்கொள்வானாம், "அப்படியே மற்றப் பேச்சையும் முடித்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறாள். மற்றப் பேச்சு என்றால் நான்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குப் புரிகிறது. ஜனவரியில் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போய், போலீஸ் அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், காலேஜையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவன். இந்தியில் ஒரு வார்த்தை வாயில் வராது என்று சத்தியம் வேறு செய்திருக்கிறானாம். பம்பாயில் வந்து கத்தரிக்காயை எப்படி வாங்குவான், ஆடிக் காட்டியா?


2 செப்டம்பர், வியாழன்

சம்பு என்ற இடத்தில் டாங்கிகள் வந்துவிட்டன. எல்லாம் அமெரிக்காக்காரன் கொடுத்தது என்று அப்பா சொல்கிறார். "ஒரு கையால நமக்குக் கோதுமை, இன்னொரு கையால அவனுக்கு டாங்கி." கோதுமை உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டேதான் சொன்னார்.

எதிர்வரிசையில் ஹனீப் மாமாவின் தோல் பட்டறை. அங்கேதான் ரேடியோ. மாமாவும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், மேலப்பாளையம்; அப்பாவோடு ஒரே ரயிலில் பம்பாய் வந்தவர். சாயங்காலம் ஆனால் சந்தே அந்த ரேடியோ முன்னால் நிற்கிறது.


6 செப்டம்பர், திங்கள்

சண்டை வந்தேவிட்டது. லாகூர் பக்கம் நம் ஆட்கள் போயிருக்கிறார்கள்.

பம்பாய் முழுக்க இருட்டடிப்பு, ராத்திரி ஒரு விளக்கும் வெளியே தெரியக் கூடாது. அப்பா வார்டன் ஆகிவிட்டார்! தலைக்குத் தொப்பி, கழுத்தில் விசில், டார்ச் விளக்குக்கு நீலத்தாள். குழாயடி முக்கில் ஒரு பெஞ்சையும் மணல் வாளியையும் வைத்துவிட்டு அதற்குப் 'போஸ்ட்' என்று பெயர். தொப்பி பெரிதாகிப்போனதால் உள்ளே அம்மாவின் பழைய ரவிக்கையை மடித்து வைத்திருக்கிறார். இதை வெளியே சொன்னால் என்னைக் கொன்றே போடுவார்.

முதல் விசிலே எங்கள் வீட்டுக்குத்தான். அம்மா சாமி விளக்கை அணைக்க மாட்டேன் என்றாள். "சாமிக்கு ஏதுவே இருட்டடிப்பு?" அப்பா வாசலில் நின்று மறுபடி ஊதினார். கடைசியில் விளக்கின் மேல் அண்டாவைக் கவிழ்த்து, ஒரு ஓரத்தில் விரல் அளவு தூக்கி வைத்து, சாமியும் அப்பாவும் சமாதானம் ஆனார்கள்.


9 செப்டம்பர், வியாழன்

வானத்திலிருந்து குடையில் ஆட்கள் குதிக்கிறார்களாம். பஞ்சாப்பில் பிடித்தார்களாம், மாஹிம் காயல் பக்கமும் இறங்கினார்களாம். யார் பார்த்தார்கள் என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவனைக் காட்டுகிறார்கள்.

அத்தான் நேற்றே வந்திருக்க வேண்டும். பட்டாள ரயில்களுக்கு வழிவிட்டு மெயில் எங்கேயோ நிற்கிறது. அப்பா இரண்டு நாளாக தாதர் போய்த் திரும்புகிறார்.

இன்னொன்று. டீக்கடையில் எவனோ, ஹனீப் பாய் ரேடியோவில் கராச்சி கேட்கிறது என்று சொல்லிவிட்டான். நேற்று ரேடியோ முன்னால் கூட்டம் பாதிதான். இன்று மாமா ரேடியோவை ஸ்டூலோடு தூக்கிவந்து தெருவில் வைத்தார். முகப்பு தெருவைப் பார்க்க. "வே பிச்சையா, முள்ளு எங்க நிக்குன்னு நீரே பாத்துக்கிடும்." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் டீக்கடைக்குப் போய்ப் போட்ட சத்தம் கும்பர்வாடா வரை கேட்டிருக்கும்.

மாமா பட்டறையில் தைப்பது பட்டாளத்துக்கு பெல்ட்! அவரைப் போய்.


11 செப்டம்பர், சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது. நேற்று பேனாவையே எடுக்கவில்லை. பயத்திலா சிரிப்பிலா, இன்னும் தெரியவில்லை.

ஏழரை இருக்கும். சங்கு ஊதி, விளக்கெல்லாம் அணைந்து, தெரு மையிருட்டு. அப்பா ரோந்து போயிருந்தார். குழாயடியில் ஒரே கூச்சல். ராம்தயாள் பையா என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பையா என்றால் அண்ணன்; எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர், காசிப் பக்கத்துக்காரர். ஏழெட்டு எருமையும் அவற்றை மேய்க்கத் தம்பிமார்களும் உண்டு. காயல் கரையில் பெட்டியோடு ஒருத்தன் திரிந்தான், எதைக் கேட்டாலும் இந்தியில் பதில் சொல்ல மாட்டேன் என்கிறான், குடையில் குதித்தவன்தான், ஏதோ மதராஸி மாதிரி உளறுகிறான், நீ வந்து கேள் என்றார்.

போனேன். முகம் தெரியவில்லை. அவன் படுக்கைக் கயிற்றாலேயே அவன் கையைக் கட்டி, ஆட்டை நிறுத்துகிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள்.

"யாரு நீங்க?" என்றேன்.

"கேக்கது யாரு?"

"தமிழ்ல கேக்க ஆள் கிடைச்சுதேன்னு சந்தோசப்படுங்க. இவங்க கையில கம்பு இருக்கு."

"தெரியுது. ரெண்டு முதுகுல விழுந்தாச்சு." அப்புறம் கொஞ்சம் இறங்கி, "பிச்சையா மாமா வீடு எங்க இருக்குன்னு தாதர்லேருந்து கேட்டுக்கிட்டே வாரேன். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல."

இவனா! பெட்டியிலிருந்து கருப்பட்டி வாசனையும் கருவாட்டு வாசனையும் சேர்ந்து வந்தது. எந்த ஒற்றன் கருவாட்டோடு குதிப்பான்?

எங்கள் சொந்தக்காரர், விடுங்கள் என்றேன். பையா கயிற்றில் கை வைத்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன், ஒற்றன் என்றால் பேர் விலாசம் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வருவான், நம்ம ஆள் என்றால் 'பாரத் மாதா கீ ஜெய்' சொல்லட்டும் என்றான். எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கம்புகள் தரையில் தட்டின.

"அத்தான், சொல்லிருங்க. ஒரு வரிதான்."

"இந்தியில மாட்டேன்."

"அடிப்பாங்க!"

"ஊர்ல அடிக்கலியா?" என்றவன், கட்டின கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "உங்க மொழி ஒழிக! எங்க மொழி வாழ்க! அடிச்சாலும் இதான்!"

என்ன சொல்கிறான் என்று பையா என்னைக் கேட்டார்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. "எதிரி ஒழிக, நம் ஜவான்கள் வாழ்க, அடித்தாலும் இதைத்தான் சொல்வேன் என்கிறார்" என்று இந்தியில் கணீரென்று சொல்லிவிட்டேன்.

பையா அழுதே விட்டார். கட்டை அவிழ்த்து அணைத்துக்கொண்டார். அதோடு விட்டார்களா? அந்த வீர வசனத்தை நாங்களும் சொல்ல வேண்டும் என்றார்கள். இருட்டில் அத்தனை பேரும் கையை உயர்த்தி "ஒலிகா! வால்கா!" என்று முழங்கினார்கள். இவனும் விடாமல் எடுத்துக் கொடுத்தான். ஊரே மனம் மாறிவிட்டது என்று நினைத்தான் போலிருக்கிறது.

அப்பா விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். நீல டார்ச்சை அவன் முகத்தில் அடித்தார். "ஏல, இது எங்க அக்கா மூக்குல்லா!" என்றார்.


12 செப்டம்பர், ஞாயிறு

பகலில் பார்த்தேன். மூக்கு அத்தையுடையதுதான். கண் பரவாயில்லை.

இரண்டு கரண்டி பால் கூடுதலாக ஊற்றிவிட்டு, வாசலில் விறைப்பாக நின்று கையை உயர்த்தி "ஒலிகா, நெல்லை பாபு!" என்கிறார் பையா. தெருப்பிள்ளைகளும் ஆரம்பித்துவிட்டார்கள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அத்தான் பார்த்துவிட்டான். "நீ அன்னைக்கு என்ன சொன்ன?" என்று கேட்டான்.

சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.


13 செப்டம்பர், திங்கள்

பேசவில்லை. என்னிடம் மட்டும். அம்மாவிடம் இரண்டாம் சோறு கேட்டு வாங்குகிறான்.


18 செப்டம்பர், சனி

சீனாக்காரன் கெடு வைத்துவிட்டான். அப்பாவின் தொப்பி இப்போது தூக்கத்திலும் தலைமாட்டில் இருக்கிறது.

அத்தான் ஹனீப் மாமா பட்டறையில் சேர்ந்துவிட்டான். பட்டாள பெல்ட்டுக்கு வார் அறுக்கிறான். படுக்கையும் அங்கே பரணில். இன்று மத்தியானம் சோறு கொண்டுபோனபோது நேரே கேட்டேன், ஏன் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்று.

வாரை அறுத்துக்கொண்டே சொன்னான். "அடியிலேருந்து காப்பாத்துன, சரி. ஆனா நான் நெசமாச் சொன்னது வெளிய தெரிஞ்சா நான் துரோகின்னு நீயே முடிவு பண்ணிட்டல்லா? எனக்கு இந்திதான் வேண்டாம். நாடு வேண்டாம்னு எப்பச் சொன்னேன்? ரெண்டும் ஒண்ணுதான்னு அவங்களோட சேந்து நீயும் சொல்லிட்ட."

எனக்குக் கோபம் வந்தது. கம்பு அவன் முதுகில் விழப்போகிற நேரத்தில் நான் என்ன, வியாக்கியானமா செய்துகொண்டிருப்பேன்? அதையே சொன்னேன்.

மூலையில் தைத்துக்கொண்டிருந்த ஹனீப் மாமா ஊசியைப் பல்லில் கடித்தபடி, "ஏல நெல்லையப்பா, உங்கிட்ட ஒரு ராத்திரிதான் நம்ம ஆளான்னு கேட்டான். நான் ரேடியோவைத் தெருவுல வச்சிருக்கேன். மழை வந்தா குடையும் பிடிக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

புறப்படும்போது அத்தான் சொன்னான். "பையா கிட்ட நெசத்தைச் சொல்லு. என்னால சொல்ல முடியாது, உன்னாலதான் முடியும். நான் யாருன்னு தெரியாத தெருவுல எனக்குக் கல்யாணம் வேண்டாம். ரயிலு ஒழுங்கா ஓட ஆரம்பிச்சா ஊருக்குப் போறேன்."

போகட்டுமே. யாருக்கு நஷ்டம்?


19 செப்டம்பர், ஞாயிறு

எனக்குத்தான் நஷ்டம். எழுதிவிட்டேன், போதும்.

கையைக் கட்டி வைத்து, சுற்றிலும் கம்போடு நிற்கிறார்கள், அப்போதும் மாட்டேன் என்கிறான். பைத்தியம்தான். ஆனால் பயந்து பொய் சொன்னது யார்? நான். அவன் சொன்னதைக் கேட்டால் பையா அடிப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். நான் குழந்தையாக இருந்ததிலிருந்து பால் ஊற்றுகிறவர். அவரையும்தானே நான் நம்பவில்லை?

ஆனால் சொல்லி, அவருக்குக் கோபம் வந்து, தம்பிமாரோடு வந்து நின்றால்?


23 செப்டம்பர், வியாழன்

சண்டை நின்றது! விடியற்காலையிலேயே நின்றுவிட்டதாம். ஐக்கிய நாடுகள் சபை சொல்லி இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்களாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று அப்பா ஆரம்பித்தார். "ஒரு வாரம் விட்டிருந்தா உம்ம தொப்பியில ரவிக்கை கிழிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா, ஊருக்கே கேட்கும்படி.

சாயங்காலம் விளக்கைப் போடலாமா கூடாதா என்று அவரவர் வீட்டில் தயங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா அண்டாவைத் தூக்கினாள். எதிரே ஹனீப் மாமா பட்டறையில் பல்பு எரிந்தது. அப்புறம் தெரு முழுக்க மளமளவென்று. இவ்வளவு அழுக்கான தெருவா இது, இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று நின்றுவிட்டேன். பிள்ளைகள் ஒவ்வொரு விளக்குக்கும் கை தட்டினார்கள்.

அந்த வெளிச்சத்தில் தைரியம் வந்தது. பையா கறவை முடித்துத் தொழுவ வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நேரே போனேன். அத்தானும் பின்னால் வந்து நின்றான். நான் ஒரே மூச்சில் இந்தியில் சொன்னேன். "அன்றைக்கு நான் பொய் சொன்னேன். ஒழிக என்று அவர் சொன்னது எதிரியை இல்லை. இந்தியை. அதற்காக ஜெயிலுக்குப் போனவர். நாட்டுக்கு விரோதி இல்லை, உங்கள் பாஷையைக் கட்டாயம் பண்ணுகிறதுதான் பிடிக்காது."

பையா பீடியைக் கீழே போட்டார். தம்பிமார்கள் எழுந்தார்கள்.

"அப்படியானால் நாங்கள் எல்லாரும் கையைத் தூக்கிக் கத்தினோமே, அது?"

"அதுதான்" என்றேன்.

அத்தானை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். எருமைகள் மிரண்டன. "ரேடியோவில் ஒருத்தன் பேசுகிறானே, அந்த இந்தி எனக்கே பாதி புரியாது மகளே. என் அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. எங்கள் ஊர்ப் பேச்சே வேறே. எங்களை யாரும் கேட்கவில்லை, இவனாவது கேட்டிருக்கிறான்." இன்னொன்றும் சொன்னார். "கையைக் கட்டி வைத்து இத்தனை கம்புக்கு முன்னால் இதையா சொன்னான்? இவனை எல்லையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கணும்."

எல்லாவற்றையும் அத்தானுக்குச் சொன்னேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நெசமாவா?" என்று கேட்டான். பையா அவன் முதுகில் ஒரு தட்டு தட்டி, "ஒலிகா!" என்றார்.

அத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். பல் வரிசை நன்றாக இருக்கிறது.


25 அக்டோபர், திங்கள்

தீபாவளிப் பலகாரம் மீந்திருக்கிறது, ஆனால் திங்கள் ராத்திரி அடுப்புக் கிடையாது. அமெரிக்காக்காரன் கோதுமையை வைத்து நம்மை மிரட்டக் கூடாது, வாரம் ஒரு வேளை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் கேட்டிருக்கிறார். அப்பா அதிரசத்தைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கிறார். அதிரசம் சாப்பாட்டில் சேருமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அத்தானும் ஒரு திங்கள்கூடத் தவறவில்லை. பிரதமர் இந்தியில்தானே கேட்டார் என்று சீண்டினேன். "பட்டினி கிடன்னு எந்தப் பாஷையில சொன்னாலும் வயித்துக்குப் புரியும்" என்றார்.


21 நவம்பர், ஞாயிறு

பேச்சு முடிந்தது! தை மாதம், பொங்கல் கழிந்து, மாதுங்காவில் கோயிலில் கல்யாணம். அத்தை வந்து வெற்றிலை மாற்றினாள். அவள் மூக்கைப் பார்த்ததும் ராம்தயாள் பையா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

புடவை எடுக்க அம்மாவோடு அத்தானும் வந்தார். விலை கேட்பது நான், முறைப்பது அவர். கடைக்காரன் அந்த முறைப்புக்கே குறைத்துவிட்டான். இனி பம்பாயில் எனக்கு இரண்டு வேலை. மாத்திரை எண்ணுவது, இவருக்கு வாயாக இருப்பது. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

சந்தோஷமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது?


26 டிசம்பர், ஞாயிறு

ஹனீப் மாமாவுக்கு நோன்பு. நோன்பு திறக்கிற கஞ்சி எங்களுக்கும் ஒரு தூக்கு வருகிறது. ரேடியோ மறுபடி பட்டறைக்குள்ளே போய்விட்டது. தூக்கி வைத்தது அப்பா.


11 ஜனவரி 1966, செவ்வாய்

நேற்றைக்கு அப்பா ரேடியோவோடு சண்டை போட்டார். தாஷ்கண்டில் கையெழுத்தாகிவிட்டது. இரண்டு பட்டாளமும் ஆகஸ்டுக்கு முன்னால் நின்ற இடத்துக்கே திரும்பிப் போக வேண்டுமாம். "ரத்தம் சிந்திப் பிடிச்ச மலையைத் தூக்கிக் குடுத்துட்டு வாராரு, நம்ம பிரதமர்" என்று குதித்தார். "சண்டை நின்னா சரி மாமா. என் மேல கேசு போட்ட சர்க்காரு, முதல் தடவையா ஒரு நல்லது பண்ணியிருக்கு" என்றார் அத்தான். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாளே இருக்கும்போது மாமனாரும் மருமகனும் பேசாமல் சாப்பிட்டார்கள். எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பு.

இன்று காலை பால் வந்தது. "ஒலிகா" வரவில்லை.

நான் பாத்திரத்தோடு வெளியே வந்தேன். பையா கேனை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரேடியோவில் வார்த்தையே இல்லை, வெறும் வாத்தியம். பிரதமர் போய்விட்டார் என்றார். தாஷ்கண்டிலேயே, ராத்திரியே. "எங்கள் காசிப் பக்கத்துப் பிள்ளை, என் உயரம்தான் இருப்பார்" என்று சொல்லி, தலைப்பாகையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தனை வயதான மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். நேற்றுப் பேசினதை நினைத்திருப்பார்.

காப்பிக்கு வந்த அத்தான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன ஜனவரியில் வாங்கின அடியின் தழும்பு இன்னும் அவர் முழங்கையில் இருக்கிறது. அந்தச் சர்க்காரின் பிரதமர். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் அழுதுவிடுவேன்.

கொஞ்சம் கழித்து என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார். "அழாதீங்கன்னு இந்தியில எப்படிச் சொல்லணும்?"

சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். போய்ப் படியில், பையாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையை வைத்துச் சொன்னார்.

பையா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார், அவர் ஊர்ப் பேச்சில், விக்கலும் அழுகையுமாக. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக என்னைத் திரும்பிப் பார்ப்பாரே, என்ன சொல்கிறார் என்று? பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து அம்மா, "என்னட்டி சொல்லுதாரு பையா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "அத்தானுக்குப் புரியுது."